பிடித்த ஒரு குணம்

சமரச அறையின் ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்கிறது. மேசைமேல் மூன்று டீயும் ஆடை படிந்து ஆறிக்கிடக்கின்றன. விவாகரத்து கேட்டு வந்த தமிழ்மதிக்கு எதிரில் அவள் கணவன் சிவபிரகாஷ். நடுவில் சமரசம் பேச அமர்ந்திருக்கும் வக்கீலம்மா சிரித்த முகமாக அவனிடம் கேட்கிறார். "பிரியறது பெறகு இருக்கட்டும் தம்பி. இவங்ககிட்ட உங்களுக்குப் பிடிச்ச குணம் ஒண்ணு சொல்லுங்க." அவன் மோவாயைத் தடவிக்கொண்டு நிஜமாகவே யோசிக்கிறான். படுக்கையில் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டியதைச் சொல்வானோ என்று தமிழ்மதி அவன் வாயையே பார்க்கிறாள். சொல்லிவிட்டால் சாணார்பட்டியில் அவன் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. "அடிச்சா சத்தம் போட மாட்டா மேடம்," என்கிறான் அவன், பாராட்டாகவே. "எம்புட்டு அடிச்சாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது." தொட்டிலில் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டதை அவன் கவனித்துத்தான் இருந்திருக்கிறான். வக்கீலம்மா ஒரு கணம் குனிந்து வளையலைத் திருகுகிறார். நிமிரும்போது அதே சிரிப்பு முகத்துக்கு வந்துவிடுகிறது. "சரி, இப்ப நீங்க சொல்லுங்கம்மா. அவர்கிட்ட என்ன பிடிக்கும்?" தமிழ்மதி வாயைத் திறக்கிறாள். சட்டென்று முந்தானையைக் கடித்துக்கொள்கிறாள். கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கி, கழுத்து நனைந்து, தோள்கள் குலுங்குகின்றன. அறையில் ஃபேன் ஓடும் சத்தம்தான் கேட்கிறது.

"பாத்தீங்களா மேடம்," என்கிறான் சிவபிரகாஷ்.