ஓர் அடி குறைவு

தாளம் மறுசுற்று தொடங்கும் சமத்தில்தான், அடிகளைக் கணக்காகக் கோத்த தவில் கோர்வையின் கடைசி அடி விழ வேண்டும். தங்கவடிவேல் புதிதாகக் கட்டிய கோர்வை அதற்கு ஓர் அடி முன்பே முடிந்தது. மாலை தேரடியில் அதைத்தான் வாசிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஓர் அடி சேர்த்தால் அழகு கெட்டது. கலைத்துக் கட்டினால் கணக்கு உடைந்தது. காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்து தாளம் போட்ட மைத்துனன் குலசேகரன் கைகளை உதறினான்.

"மச்சான், தவில அடிக்கிறீங்களா, என்னைய அடிக்கிறீங்களா? பழசையே வாசிச்சிட்டுப் போங்க."

"இன்னொரு தடவடா."

அந்தத் தடவையில், நேற்றுச் சரியாக வந்த முதல் வரியே அவருக்கு மறந்துபோனது. தவிலைக் கழற்றி வைத்தார்.

"இதுக்கு மேல தொட்டா இருக்கிறதும் போயிரும். என் மண்டைக்கு இவ்வளவுதான்."

தேரடியில் பழசை வாசிக்கவில்லை. மறந்த முதல் வரி கைக்குத் திரும்பியிருந்தது; கட்டியதை, கட்டிய அளவுக்கு வாசித்தார். முடிந்த இடத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். சமத்தில் குலசேகரனின் கைத்தாளம் மட்டும் தனியாக ஒலித்தது. நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி ஊதாமல் நின்றார். கூட்டம் தங்கவடிவேலைப் பார்த்தது. அவர் தலை குனியவில்லை; கைகளையும் இறக்கவில்லை.