இடம் மாறிய ஃபாரம்

"ஐயா, அந்த நாவலோட பழைய பிரதி உங்க பைண்டிங் ரூம்லதான் இருக்குன்னு லைப்ரரியன் மேடம் சொன்னாங்க."

பைண்டரின் கையிலிருந்த பசைப் பிரஷ் அப்படியே நின்றது.

"அது எதுக்கும்மா இப்போ? செல்லரிச்ச புத்தகம். தொட்டா உதிரும்."

வந்தவள் பத்திரிகைக்காரி. லேசில் விடுகிற ரகமில்லை.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த ஒரு வீடியோ கேம் ஐயா. அதைச் செஞ்சவர் போன மாசம் தவறிட்டார். கடைசிப் பேட்டியில, 'கதை என்னோடது இல்லை, ஒரு நாவல்ல இருந்ததை அப்படியே எடுத்தேன்'னு சொல்லியிருக்கார். மறுபதிப்பைப் படிச்சவங்க எல்லாம், 'ஒத்தே வரலை, மனுஷன் புருடா விட்டிருக்கார்'னு சிரிக்கிறாங்க. அவர் மெம்பரா இருந்தது இந்த லைப்ரரியிலதான். அவர் படிச்ச பிரதியைப் பார்த்தே ஆகணும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பைண்டர் தைத்த புத்தகம் அது. கடைசி ஃபாரத்தை, பதினாறு பக்க மடிப்பை அப்படியே கொண்டுபோய் நடுவில் வைத்துத் தைத்துவிட்டார். பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரே ஒருத்தர் எடுத்துப்போய்த் திருப்பித் தந்ததும், 'ரிப்பேர்' என்று சீட்டு ஒட்டித் தன் அலமாரிக்கு அடியில் தள்ளியவர், இன்றுவரை வெளியே எடுக்கவில்லை.

நாளை மறுநாள் அவருக்கு ஓய்வு. பிரிவுபசாரக் கேடயத்தைத் தலைமை நூலகர் காலையில்தான் காட்டினார். 'முப்பத்தைந்து ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லை.' அந்த அம்மாள் இப்போது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துக் குடுங்களேன், என்ன யோசனை?" என்றார்.

வேறு வழியில்லை. பைண்டர் குனிந்து, தூசு தட்டி, நீட்டினார்.

பத்திரிகைக்காரி நின்றபடியே புரட்டினாள். பாதிப் புத்தகம் வந்ததும் முகம் மாறியது. பின்னால் போனாள், முன்னால் வந்தாள், பக்க எண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதை யார் பைண்ட் பண்ணது?"

நூலகரும் எட்டிப் பார்த்தார்.

"நான்தாம்மா." பைண்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "புதுசுல, பதட்டத்துல, ஃபாரம் மாறிப்போச்சு. பத்திரிகையில மட்டும் போட்டு மானத்தை வாங்கிடாதீங்க. ரெண்டே நாள்தான் இருக்கு எனக்கு."

"போடாம எப்படி ஐயா?" அவள் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

பைண்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எடிட்டர் சார், அந்த கேம்ல ஹீரோ பாதியிலேயே செத்துப்போய், அடுத்த கட்டத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து நடப்பானே... என்ன கற்பனை, என்ன கற்பனைன்னு முப்பது வருஷமா எல்லாரும் தலையில தூக்கிவெச்சு ஆடுறாங்களே... அதை யோசிச்சவர் என் எதிர்லதான் உட்கார்ந்து நடுங்கிட்டு இருக்கார்!"