போலீஸ்காரனுக்கு முதல் பந்தி

முன்வரிசையில் சஃபாரி சட்டைக்காரன் ஒருவன். மடியில் டேப் ரெக்கார்டர்.

மேடையிலிருந்த தேவானந்தம் வாத்தியாருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. போலீஸ்.

கோபியில் நடக்கிற ஒரு கல்யாணத்தில் போலீசுக்கு என்ன வேலை? வாழ்த்துரை அவருடையது, அதுதான். புலிகளை ஆதரித்து நாலு வார்த்தை பேசாமல் எந்த மேடையை விட்டும் அவர் இறங்கியதில்லை. இயக்கத்தைத் தடை செய்த பிறகு, அந்த நாலு வார்த்தைக்கும் தடா சட்டம். ஜாமீன்கூடக் கிடையாது.

'பயந்தவனுக்கு மைக் எதுக்கு?' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். பெண்ணைப் பெற்ற நஞ்சுண்டக் கவுண்டர், சஃபாரிக்காரன் முன்னால் குழைந்துகொண்டிருந்தார்.

"இந்த மேளச் சத்தத்துல உங்க டேப்புல ஒண்ணும் பதியாதுங்க. மைக் செட்டுல இருந்தே நேரா ஒயர் குடுக்கச் சொல்றனுங்க. ஏப்பா மாசாணம், சாருக்கு ஒரு ஒயர் இழுத்துக் குடு!"

மைக் செட் மாசாணம் ஒயரைச் சொருகினான். வாத்தியார் கவுண்டரை முறைத்தார். எத்தனை வருஷப் பழக்கம்!

"டேப் அது பாட்டுக்கு ஓடட்டுமுங்க. நீங்க முதல் பந்தியில உக்காருங்க. எங்க ஊட்டுக் கல்யாணத்துல கை நனைக்காமப் போனா எனக்குத்தானுங்க கேவலம்."

கையைப் பிடித்துக் கீழே சாப்பாட்டுக்கூடத்துக்கே கூட்டிப்போய்விட்டார். சம்பந்தி வீட்டார் இன்னும் சாப்பிடவில்லை. போலீஸ்காரனுக்கு முதல் பந்தி!

மணவறையில் தாய்மாமனையும் காணோம். கேட்டதற்கு, "வெளியூருங்க" என்றார்கள். மானமுள்ளவன். இந்தக் கூத்தைப் பார்க்கவேண்டாம் என்று வராமல் இருந்திருப்பான்.

வாத்தியார் எழுந்தார். மணமக்களை வாழ்த்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீரம்னா என்னன்னு தெரியணுமா? கடலுக்கு அந்தப் பக்கம்..."

மைக் செத்துப்போனது.

"டேய் மாசாணம்!"

"ஒயர்ல கோளாறுங்க வாத்தியாரே!" அவன் முகத்தில் பதற்றமே இல்லை.

இதுவும் கவுண்டர் வேலைதான். காட்டியும் கொடுப்பார், பேசவும் விடமாட்டார்! வாத்தியார் விடுவாரா? தொண்டை கிழியக் கத்தினார். சொல்ல வந்ததை எல்லாம் சொன்னார். கடைசி வரிசை வரை கைதட்டல்.

சஃபாரிக்காரன் ஏப்பம் விட்டபடி மேலே வந்தான். டேப்பை எடுத்துக்கொண்டான். போய்விட்டான்.

வாத்தியார் கவுண்டரை ஓரமாக இழுத்தார்.

"ஏனுங்க கவுண்டரே, என்னைக் காட்டிக்குடுக்கத்தான் வாழ்த்த வரச் சொன்னீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. அந்தாளு கீழே பாயாசம் குடிச்சிட்டிருந்தானுங்க. ஒரு வார்த்தை அவன் காதுல உழுகலை."

"அவன் டேப்பு கேட்டுதே!"

"மைக்குல போனதுதானுங்க அதுல இருக்கும். மணமக்கள் வாழ்க. அதுக்கு மேல வெறும் இரைச்சல். மாசாணத்துக்குக் கண்ணைக் காட்டுனதே நான்தானுங்க."

"பயந்துட்டீங்க!" வாத்தியாருக்கு இன்னும் ஆறவில்லை. "பேசறவன் வாயை அடைக்கிறது ஒரு பொழப்பா?"

கவுண்டர் மணவறையைத் திரும்பிப் பார்த்தார்.

"போன மாசம் தாராபுரத்துக் கூட்டத்துல மைக் நல்லாத்தானுங்க வேலை செஞ்சுது. அன்னைக்குப் பேசுனது என்ற மச்சான். அதனாலதானுங்க இன்னைக்கு என்ற பொண்ணுக்கு மாலை போட மாமன் இல்லை."