முதல் கையெழுத்து

“முட்டைகூடத் தொடாத அம்மா வாரத்துக்கு ரெண்டு ஆட்டுத் தொடை வாங்குது. எதுக்குன்னு நினைக்கிறீங்க? வீட்டுல வச்சு அறுத்து, தைச்சுப் பழகுதாம்!”

குழந்தைவேலு சொன்னதும் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

“யாரு, நம்ம டாக்டரம்மாவா?”

“வேற யாரு? ஆஸ்பத்திரி ஆயாவே சொன்னா. வேலை தெரிஞ்சவங்க எதுக்குய்யா ஆட்டுக்கறியில பழகணும்?”

அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில் மர டிப்போ கிளார்க் குழந்தைவேலுவின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. மனு எழுதுவதா, மெயின்லேண்டுக்குத் தந்தி கொடுப்பதா, எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால், காட்டில் யானை இழுத்து வந்த படாக் மரம் உருண்டு, நாகமுத்துவின் மகன் சந்திரனின் தொடையை நசுக்கிவிட்டது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. பெரிய ரத்தக் குழாய் அறுந்து பீறிட்டது. இடுப்பை ஒட்டிய இடம் என்பதால் கயிறு போட்டு இறுக்கவும் வழியில்லை. போர்ட் பிளேர் போட் வர நாலு நாள் இருந்தது.

டாக்டர் விசாலாட்சி தீவுக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை இருட்டு, ஆஸ்பத்திரியில் கரண்ட் கிடையாது. நாகமுத்துவே டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அறுந்த குழாயை டாக்டர் தேடிப் பிடித்துக் கட்டுவதற்குள் பையன் போய்விட்டான்.

குழந்தைவேலுவின் மகனும் அதே காட்டில்தான் மரம் இழுக்கிறான். நாளைக்கு அவனுக்கு ஒன்று என்றால்?

எதற்கும் நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“ஆட்டுத் தொடையை வச்சுப் பழகுறீங்களாமே, நெஜமாம்மா?”

“நெஜம்தான்.”

“அப்ப வேலை தெரியாதுன்னு ஒத்துக்கிறீங்க?”

விசாலாட்சி தலையைக் குனியவில்லை.

“அன்னிக்குத் தெரியலை சார். காலேஜ்ல பெரிய டாக்டர் கட்டுவார், நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அவ்வளவுதான். அடுத்த ஆளைத் தூக்கிட்டு வர்றப்ப என் கைக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுவரைக்கும் பழகத்தான் போறேன்.”

செய்ததற்கு ஒரு வருத்தமாவது தெரிகிறதா பார், என்று நினைத்துக்கொண்டார் குழந்தைவேலு. அன்றைக்கே மனு எழுதினார். இந்த டாக்டரை மாற்றி, அனுபவமுள்ள சர்ஜனை உடனே அனுப்ப வேண்டும். மளமளவென்று முப்பத்தெட்டுக் கையெழுத்து விழுந்தது. தமிழ், பெங்காலி, தெலுங்கு, கை நாட்டு எல்லாம் இருந்தது. முதல் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அது நாகமுத்துவுக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவன் கையெழுத்து மேலே இருந்தால் எந்த ஆபீசரும் தட்ட முடியாது.

திங்கட்கிழமை காலை போட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மனுவையும் குடையையும் எடுத்துக்கொண்டு நாகமுத்துவைத் தேடிக் கிளம்பினார்.

நாகமுத்து வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா எட்டிப் பார்த்தாள்.

“நாகமுத்து? டாக்டர் கே கர் கயா.”

“டாக்டர் வீட்டுக்கா? அங்க என்ன வேலை?”

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

குழந்தைவேலுவுக்குத் திக்கென்றது. மூன்று மாதமாக யாரிடமும் பேசாத மனுஷன். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு ஏதாவது செய்துவிட்டால்? மாறுதல் கேட்பது வேறு, ஒரு பொம்பளை மேல் கை வைப்பது வேறு. சேறு தெறிக்க ஓடினார்.

டாக்டர் குவார்ட்டர்ஸ் கதவு திறந்தே இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேஜை மேல் ஒரு ஆட்டுத் தொடை. அதற்குள் புதைத்து வைத்த ஒரு சைக்கிள் ட்யூப். ட்யூபின் மறுமுனை, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் நிரப்பிய வெந்நீர்ப் பையில் செருகியிருந்தது. அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார் நாகமுத்து. சதையின் பிளவிலிருந்து சிவப்பாகப் பீறிட்டது. அதற்குள் விரலை விட்டுத் துழாவிய விசாலாட்சி, ட்யூபைப் பிடித்து, இடுக்கி போட்டு, நூலைச் சுற்றி முடிச்சை இறுக்கினாள். நின்றுவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாப்பது செகண்ட். போன வாரம் ஒன்றரை நிமிஷம் ஆச்சு.”

“நாகமுத்து... நீயா?” என்றார் குழந்தைவேலு.

நாகமுத்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பையில் மறுபடியும் தண்ணீரை நிரப்பினார். முடிச்சை அவரே அவிழ்த்துவிட்டார்.

“நாப்பது போதாதும்மா,” என்றார். “அன்னிக்கு டார்ச் பிடிச்சவன் நான். என் புள்ளைக்கு ரத்தம் இதைவிட வேகமா வந்துச்சு. நான் இன்னும் பலமா அமுக்குறேன், நீங்க கட்டுங்க.”