எட்டாவது போல்ட்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டு கிரேம் இன்றைக்கும் என் அப்பாவைச் சும்மா விடப்போவதில்லை என்று அர்த்தம்.

"ஏய் பெருசு! உசிரோட இருக்கியா?"

"உன் ஜீப் சாகுற வரைக்கும் நான் சாக மாட்டேன்டா!"

அப்பா ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எழுபத்திரண்டு வயது. நடுக்குவாத நோய். டீ குடித்தால் பாதி சட்டைக்குத்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டு நாற்பது வருஷப் பழைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட் முடுக்குவார்.

நான் நரெல், அவருடைய ஒரே மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமைதோறும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

கிரேம் அந்த ஜீப்பில் ஆஸ்திரேலியாவின் நடுவில் கிடக்கும் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப்போகிறானாம். மூன்று குளிர்காலமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். வெள்ளத்தில் இறங்கினாலும் என்ஜின் மூச்சுவிட கூரை உயரத்துக்குக் குழாய் வைத்தாயிற்று. இரண்டாவது பேட்டரி, இன்னொரு டீசல் டேங்க் எல்லாம் மாட்டியாயிற்று. வண்டி இதுவரை கடந்தது எங்கள் ஊர் ரவுண்டானாவைத்தான்.

ஆளும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. சுரங்கத்தில் ஏதோ வேலை பார்த்தவன். பெண்டாட்டி இவனை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்ட வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்குமுட்டக் குடித்துவிட்டு எங்கள் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தான்.

கூலி? எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு பெட்டி பீர். அப்பாவோ மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. ஆனால் கேட்டு வாங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடை கிடையாது என்று கிரேம் தனக்காக எடுத்துவைத்திருப்பதையும், "அதையும் கொடுடா கஞ்சப் பயலே!" என்று பிடுங்கிக்கொண்டு வருவார். பிரிக்காத பெட்டிகள் எங்கள் துணி துவைக்கும் அறையில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

போன சனிக்கிழமை மாலை முதுகெல்லாம் கிரீஸோடு வந்தார்.

"இன்னைக்கு என்ன?"

"என்ஜினுக்குக் கீழ கல்லடி படாம இருக்க ஒரு இரும்புத் தகடு உண்டுல்ல, அது."

"அதைத்தானே போன மாசமும் மாட்டுனீங்க?"

"மாட்டுனேன். அவன் கழட்டிட்டு, முன்பக்கம் பின்னால வர்ற மாதிரி மாட்டி வச்சிருக்கான். அவன்கிட்ட ஸ்பேனரைக் கொடுக்கிறதும் ஒண்ணு, கோழிகிட்ட கொடுக்கிறதும் ஒண்ணு."

"அப்பா, அவன் உங்களை ஓசியில வேலை வாங்குறான். அடுத்த வாரத்துல இருந்து நீங்க போகக் கூடாது."

அப்பா கை கழுவுவதை நிறுத்தினார்.

"ஆறு நாள் நான் உன் பேஷண்ட். சனிக்கிழமை ஒருநாள்தான் மெக்கானிக். அதையும் பிடுங்குறதா இருந்தா, அப்படியே சவப்பெட்டிக்கும் அளவு எடுத்துடு."

ஒர்க்‌ஷாப்பை விற்ற வருஷம் முழுக்க அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது மறுபடி வந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் ஜீப் மேலே விழுந்தால்? கிரேமையே ஒரு பிடி பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் வார்த்தைகளை நன்றாகத் தீட்டிக்கொண்டு போனேன்.

கிரேம் ஜீப்புக்கு அடியில் கிடந்தான். 'க்ளிக்... க்ளிக்...' என்று சத்தம். போதுமான இறுக்கம் வந்ததும் தானே க்ளிக் என்று சொல்லுமே, அந்த நீளமான ஸ்பேனர்.

"கிரேம், வெளியே வா!"

வந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அப்பா நேத்து முடிச்ச வேலையில இன்னைக்கு உனக்கு என்ன வேலை?"

"பெருசுகிட்ட சொல்லிடாதே, நரெல்." குரலைத் தாழ்த்தினான். "கை நடுங்குதுல்ல, போல்ட்டு சிலது லூசா நின்னுடுது. ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணொண்ணா தேடி இறுக்கிடுவேன். இந்த வாரம் ஏழு."

"அப்புறம் எதுக்கு அவரைக் கூப்பிடுறே?"

"கூப்பிடலன்னா அவர் என்ன பண்ணுவாரு?"

நான் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"தகட்டை முன்ன பின்ன மாத்தி மாட்டுனது?"

"சுரங்கத்துல பதினாறு வருஷம் டீசல் மெக்கானிக்கா இருந்தேன். அதை மாத்தி மாட்டுறதுக்குள்ள உசிரு போயிடுச்சு. ஒரு ஓட்டைகூடப் பொருந்தல." தலையைச் சொறிந்தான். "அடுத்த வாரத்துக்கு எதைக் கெடுக்கிறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

தீட்டிக்கொண்டு போனதெல்லாம் மழுங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"பேட்டரி வயரைக் குழப்பிவிடு. படுக்காம, நின்னுகிட்டே பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை கண்டுபிடிச்சான்?"

"எதை?"

"லூஸ் போல்ட்டை."

"ஏழு."

"எட்டு விட்டிருந்தேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கைதானே ஆடுது, புத்தி ஆடலையே. பிரேக், ஸ்டியரிங் பக்கம் விளையாட மாட்டேன். தகடு, கேரியர் மாதிரி இடத்துல அங்கங்க விட்டுவைப்பேன். அந்த எட்டாவதைத் தேடி முடிக்க அவனுக்குச் சாயங்காலம் ஆயிடும்."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

அப்பா துணி துவைக்கும் அறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"தனியாளும்மா. ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல வேலை இருக்கணும், பீர் இருக்கக் கூடாது."