கம்புகளுக்கு நடுவே

முதலில் கை நீட்டியது யார் என்று எனக்கு நிச்சயமில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி, வேன் டெஸ்ட்டுக்கு வந்தவன் சட்டையைப் பிடித்துத் தள்ளியதாக ஞாபகம். அங்கே நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வேன் நின்றிருந்தது. பின்சக்கரம் பட்டு ஒரு கம்பு சாய்ந்திருந்தது.

இரண்டு வரிசையாக நட்ட இரும்புக் கம்புகளுக்கு நடுவே வேனைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒன்றிலும் படக் கூடாது. லைசென்ஸுக்கு அதுதான் சோதனை.

அவன் இறங்கி வந்தான். நாற்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, இஸ்திரி கலையாமல்.

“சார், திங்கக்கெழம ஸ்கூல் வேன்ல சேரணும் சார். லைசென்ஸ் இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க. இன்னும் ஒரே தரம் சார்.”

“ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு ஸ்கூல் வேனா? போய் மாட்டு வண்டி ஓட்டு.”

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் குரல் கொடுத்தார்.

“அண்ணே, செக்போஸ்ட்டத் தாண்டி அடுத்த ஸ்டேட்டுக்குப் போயிருக்கலாம்ல? அங்க கம்பே நட மாட்டாங்க. மாட்டுக்கே லைசென்ஸ் குடுப்பாங்க.”

எல்லோரும் சிரித்தோம்.

அவனும் சிரித்தான். அதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன்.

பிறகு அந்தத் தள்ளல். அல்லது அது இல்லாமலே.

அவன் குனிந்தான். சாய்ந்த கம்பை மண்ணிலிருந்து உருவினான்.

முதல் அடி தோளில்.

இரண்டாவது முகத்தில்.

ஞானசிகாமணி முகத்தைப் பொத்திக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் வந்தது.

யாரும் அசையவில்லை.

அவன் கம்பைப் பார்த்தான். அது இருந்த குழியிலேயே அதைத் திரும்ப நட முயன்றான். கம்பு நிற்கவில்லை. மறுபடி நட்டான்.

“இன்னிக்கு டெஸ்ட்டு போச்சேடா ஒன்னால!”

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலில்தான் வரிசை உடைந்தது.

லீவு போட்டு வந்தவர்கள். ஏற்கெனவே தோற்றுத் திரும்ப வந்தவர்கள். பைக் சோதனைக்கு நின்றவர்கள் எல்லோர் கையிலும் ஹெல்மெட் இருந்தது.

அவன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். கைகளின் மேல் அடித்தார்கள். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது.

அவ்வளவு நேரமும் ஞானசிகாமணி தரையில் இருந்தார். அவரை யாரும் தூக்கவில்லை.

அவருக்கு வலது கண் போனது. வேலையை விட்டுவிட்டார்.

அவனுடைய இடது மணிக்கட்டு ஒழுங்காகக் கூடவில்லை. கியர் போடும் கை. சிறையிலிருந்து வந்து மனைவியின் ஊரில் இருக்கிறான்.

அவன் சேர இருந்த ஸ்கூல் வேனை இப்போது ஓட்டுபவர் செக்போஸ்ட்டுக்கு அப்பால் லைசென்ஸ் வாங்கியவர். அது நாடு முழுவதும் செல்லும்.

கம்புகளை வழக்குக்காகப் போலீஸ் எடுத்துப் போனது. மறுவாரம் வந்த புது இன்ஸ்பெக்டர், ஜீப்பை விட்டு இறங்காமலே, எங்கள் எல்லோருக்கும் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் எல்லோரும் இப்போது வண்டி ஓட்டுகிறோம்.