ஐந்நூறு கோடி வருட வெளிச்சம்

“அடுத்தவர் புகழில் குளிர்காய்கிறவன் மனுஷனே இல்லை,” என்று நிருபரிடம் பிரகடனம் செய்தார் குடும்பத் தலைவர். “என் சகலையைப் பாருங்க. எங்க போனாலும் ‘நான் நீதிபதியோட மச்சான்’னுதான் பேச்சையே ஆரம்பிப்பார். மானம் வேணாம்?”

நிருபர் தலையாட்டி வைத்தார். “புதுசா கண்டுபிடிச்ச விண்மீன் மண்டலம் எப்படி சார் இருக்கும்?”

“முட்டை மாதிரி, நீள்வட்டமா இருக்கும். நம்ம பால்வீதிக்கு இருக்கிற, சுருண்டு நீளுற கையெல்லாம் அதுக்குக் கிடையாது. பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்கதான். அங்கேயிருந்து வெளிச்சம் வந்து சேரவே ஐந்நூறு கோடி வருஷம்!”

“அடேயப்பா! பார்த்ததுமே உறுதியாயிடுச்சா?”

“எங்க? தொலைநோக்கிக் கண்ணாடியில ஒட்டின தூசியோன்னு சந்தேகம். மாசக்கணக்கா திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு. இந்த வீட்ல சாப்பாடு, தூக்கம் எதுக்கும் நேரம் காலமே இல்லாம போச்சு. கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள என் மனைவி தூங்கறா. சமையலையும் நான்தான் முடிச்சு வெச்சிருக்கேன்.”

அறைக்கதவு திறந்தது. கலைந்த தலையோடு மனைவி கொட்டாவி விட்டபடி வந்தாள். நிருபர் துள்ளி எழுந்தார்.

“வணக்கம் மேடம்! உங்க கண்டுபிடிப்புக்கு வாழ்த்துகள். ராத்திரி பூரா தொலைநோக்கியில வேலை பார்த்த களைப்பு தெரியுது. ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன்.”

குடும்பத் தலைவர் காலரைச் சரிசெய்துகொண்டு அருகில் போய் நின்றார்.

“சார், கொஞ்சம் நகர்ந்துக்கங்க.”

நகர்ந்தார், மனைவியின் பக்கமாக.

நிருபர் கிளம்பியபோது வாசல் வரை கூடவே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, படத்துக்குக் கீழ ‘விஞ்ஞானியின் கணவர்’னு மறக்காம போட்டுடுங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.”